நிழலுக்கும் இடம் விடும் படம்

ராயகிரியில் மேற்கு என்றால் மலைதான். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று இந்த அடிவாரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் ஒளி ஒரே மாதிரிதான் வந்து போகிறது. காலையில் கிழக்குச் சமவெளியிலிருந்து எழும் வெயில் நேராக மலை மேல் விழும். பாறை மடிப்பு, ஓடை இறங்கிய தடம், சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் காடு எல்லாம் துலக்கமாகத் தெரியும். அந்த நேரத்தில் எந்தக் கேமராவை நீட்டினாலும் படம் நன்றாக வரும். சிக்கல் மாலையில்தான். சூரியன் முகட்டுக்குப் பின்னே இறங்கத் தொடங்கியதும் வயல், தென்னந்தோப்பு, கிணற்றுமேடு, தெரு எல்லாம் மலை நிழலுக்குள் வந்துவிடுகின்றன. வானம் மட்டும் இன்னும் பகலாகவே நிற்கிறது. வானத்துக்கு அளவு வைத்து எடுத்தால் நிலம் கரியாகிறது. நிலத்துக்கு அளவு வைத்தால் வானம் வெளுத்து, மலை முகட்டின் கோடுகூடக் கரைந்துபோகிறது.

எச்.டி.ஆர். என்று சுருக்கமாக அழைக்கப்படும் படமுறை இந்தச் சிக்கலுக்கென்றே பிறந்தது. ஒரே காட்சியை வெவ்வேறு ஒளி அளவுகளில் பல முறை எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாகப் பதிந்த பகுதிகளைச் சேர்த்து ஒரே படமாக்குவது. கேமரா வாங்கிய புதிதில் மலையடிவாரத்துப் பிள்ளைகள் பலரும் முதலில் முயன்று பார்ப்பது இதைத்தான். முயலத்தக்க முறைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எதற்கு முயல்வது, எங்கே நிறுத்துவது என்பது பற்றித் தமிழில் போதுமான பேச்சு நடக்கவில்லை. மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று சொல்லித்தரும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. அழுத்தியபின் படத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்பவர்கள் குறைவு.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் படக்காரர்கள் ஸ்டாப் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் ஏறினால் ஒளி இரண்டு மடங்கு. பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. உச்சி வெயிலில் நிற்கும் கோயில் மதிலுக்கும், அதே கோயிலின் உள்மண்டபத்தில் எண்ணெய் விளக்கடியில் கிடக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடு பத்து ஸ்டாப்பை எளிதாகத் தாண்டும். பழைய ஸ்லைடு பிலிம் தாங்கியது ஐந்தாறு ஸ்டாப்தான். இன்றைய நல்ல சென்சார்கள் 12 முதல் 14 வரை தாங்குகின்றன. ஆனால் அச்சிட்ட தாள் காட்டக்கூடியது ஆறேழு ஸ்டாப்புக்கு மேல் போவதில்லை. மண்டபத்துக்குள் நிற்கும் மனிதர் வாசலைப் பார்க்கிறார், பிறகு தூணைப் பார்க்கிறார், பிறகு மேல்விதானத்தைப் பார்க்கிறார். கண் ஒவ்வொரு முறையும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. எல்லாம் சேர்ந்த காட்சியை மனம் வைத்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. ஒரே திறப்பில் எல்லாவற்றையும் அது பதிந்தாக வேண்டும். எச்.டி.ஆர். என்பது கேமராவையும் பல முறை பார்க்கவைக்கும் முயற்சி.

செய்முறை எளியது, ஒழுக்கம்தான் முக்கியம். கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்த வேண்டும். லென்ஸின் துளை அளவை எஃப் 8 போல ஒன்றில் வைத்துவிட்டு அதைத் தொடக்கூடாது. துளையை மாற்றினால் எது கூர்மையாக விழுகிறது என்பதே படத்துக்குப் படம் மாறிவிடும். ஐ.எஸ்.ஓ. 100-இல் நிற்கட்டும். நிறச் சமனையும் தானியங்கியில் விடாமல் ஒரே நிலையில் பூட்டிவிட வேண்டும். மாற்றவேண்டியது ஷட்டர் வேகம் ஒன்றுதான். நடுப்படம் நொடியில் 1/60 பங்கு என்றால், இருண்ட படம் 1/250, வெளிச்சமான படம் 1/15. இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படங்கள். பெரும்பாலான கேமராக்களில் இதைத் தானே செய்யும் பிராக்கெட்டிங் வசதி உண்டு. விரலால் அழுத்தும்போது கேமரா அசையும் என்பதால் டைமரை வைப்பது நல்லது. ரா ஃபைலாக எடுத்தால் பின்னால் வேலை செய்ய இடம் கிடைக்கும். ஃபோட்டோஷாப்பில் 2005-ஆம் ஆண்டிலேயே இந்த வசதி வந்துவிட்டது. காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு லுமினன்ஸ் எச்.டி.ஆர்., ஹுகினோடு வரும் என்ஃபியூஸ் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன.

இம்முறை மிக நன்றாகப் பயன்படும் இடம் மலையும் அல்ல, மாலை வானமும் அல்ல. வீட்டின் உட்புறம்தான். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். சிறிய சன்னல், தடித்த சுவர், தாழ்ந்த நிலைப்படி. வெயிலை உள்ளே விடாமலிருக்கக் கட்டிய வீடு அது. அடுப்படியில் ஓட்டு இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம் விழும். மற்றதெல்லாம் புகை படிந்த இருட்டு. ஒற்றைப் படத்தில் இந்த அறையை எடுத்தால் ஒன்று சன்னல் வெளுத்துவிடும், அல்லது குதிரும் உறியும் பரணும் இருளில் போய்விடும். பிளாஷ் போட்டால் அறையின் இயல்பே கெட்டுவிடும். எங்கிருந்தும் வராத ஒரு வெளிச்சம் எதிரே இருக்கும் பானைகளை அறைந்துவிட்டுப் பின்சுவரில் கறுப்பு நிழலை ஒட்டிவைக்கும். மூன்று அளவில் எடுத்துச் சேர்த்தால், உத்தரத்தில் கட்டியிருக்கும் கயிறும் தெரியும், சன்னலுக்கு வெளியே நிற்கும் முருங்கையும் தெரியும். அந்த வீட்டில் வாழ்ந்தவர் கண்டதும் அதுதான்.

சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கத்து விசைத்தறிக் கூடங்களும் இதே வகைதான். ஒரு பக்கம் சன்னல் வெளிச்சம், மறுபக்கம் பஞ்சுத் தூசி படிந்த இருட்டு. தறி ஓடாத வேளையில் எடுத்தால் அந்தக் கூடத்தின் அமைப்பு முழுவதும் படத்தில் கிடைக்கும். கோயில்களைப் பொறுத்தவரை வெளி மண்டபங்கள், பிரகாரத்துத் தூண் வரிசைகள் இதற்கு ஏற்றவை. ஆனால் 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னபின், உள்ளே படம் எடுக்க விரும்புபவர்கள் உரிய அனுமதியோடுதான் போக வேண்டும். அது நியாயமான கட்டுப்பாடு என்றே கருதுகிறேன். ட்ரைபாடை விரித்து வழிபாட்டுக்கு வந்தவர்களின் பாதையை மறித்து எடுக்கும் படத்தில் என்ன அழகு இருந்துவிடப் போகிறது?

பல படங்களைச் சேர்ப்பது ஏமாற்று வேலை, உண்மையான படம் என்றால் ஒரே சொடுக்கில் விழ வேண்டும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வரலாறும் ஏற்கவில்லை. 1850-களின் படத்தட்டுகள் நீல ஒளிக்கு அளவுமீறி எதிர்வினை காட்டுபவை. கடலுக்கு அளவு வைத்தால் வானம் வெறும் வெள்ளையாகப் பதியும். பிரெஞ்சுப் படக்கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு தட்டு, வானத்துக்கு ஒரு தட்டு என்று தனித்தனியே எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். அவருடைய கடற்படங்கள் அந்தக் காலத்தில் ஐரோப்பாவையே வியக்கவைத்தன.

அதே காலத்தில் நம் மண்ணிலும் ஒருவர் அதே சிக்கலோடு போராடியிருக்கிறார். சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1857 கடைசியிலிருந்து 1858 வரை திருவரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று கனமான கருவிகளோடு சுற்றினார். மெழுகு ஏற்றிய காகிதத்தில் அவர் எடுத்த எதிர்மறைகளிலும் வானம் வெறுமையாகத்தான் விழுந்தது. அவர் தூரிகையை எடுத்து எதிர்மறைமீது வண்ணம் பூசி மேகங்களை உண்டாக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிசை ஒரே படத்தில் அடங்காது என்பதால், அதைத் துண்டு துண்டாக எடுத்து 21 படங்களை ஒட்டி நீண்ட ஒரே காட்சியாக்கினார். ஒன்று இல்லாத மேகத்தை வரைந்தது. மற்றொன்று இருந்த கல்வெட்டைப் பல பார்வைகளால் முழுமையாக்கியது. இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. எச்.டி.ஆர். முறைக்குள்ளும் இந்த இரண்டு வழிகளும் இருக்கின்றன. நம் கேள்வி எந்த வழியில் போகிறோம் என்பதே. பல படங்களைச் சேர்த்தோமா இல்லையா என்பதைக் கேட்டுப் பயனில்லை.

பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும், காட்சியின் ஒளியைப் பகுதிகளாகப் பிரித்து எந்தப் பகுதி படத்தில் எவ்வளவு கருமையாக விழவேண்டும் என்று எடுப்பவரே முன்கூட்டித் தீர்மானிக்கும் ஒரு முறையை வகுத்தார்கள். அணுகுண்டு வெடிப்பின் கண்கூசும் மையத்தையும் மங்கிய ஓரத்தையும் ஒருசேரப் பதிவதற்காக, வெவ்வேறு வேகங்கொண்ட மூன்று அடுக்குப் பிலிமைச் சார்லஸ் வைகாஃப் உருவாக்கினார். 1997-இல் பால் டெபெவெக்கும், மதுராவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜிதேந்திர மாலிக்கும், சாதாரணப் படங்கள் பலவற்றிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவைக் கணக்கிட்டு எடுக்கும் வழியைக் காட்டினார்கள். இன்றைய மென்பொருள்களுக்கு அது பெரிய அடித்தளம். இந்த வரிசையில் யாரும் அழகூட்டலுக்காக மட்டும் வேலை செய்தவர்கள் அல்லர். ஒளியைத் துல்லியமாக அறிய வேண்டும் என்பதே பெரும்பாலானவர்களின் தேடல்.

கோளாறு தொடங்குவது சேர்த்த பிறகு. பத்துப் பதினைந்து ஸ்டாப் விரிவுள்ள ஒளித்தகவலைச் சாதாரணத் திரைக்கும் தாளுக்கும் ஏற்றவாறு நெருக்க வேண்டியிருக்கிறது. டோன் மேப்பிங் எனப்படும் இந்த நெருக்கலில், மென்பொருள் படத்தைச் சிறு சிறு பகுதியாகப் பார்த்து, இருண்ட இடத்தைத் தூக்குகிறது, வெளிச்சமான இடத்தை அமுக்குகிறது. அளவோடு செய்தால் தெரியாது. கொஞ்சம் மிஞ்சினாலும் மலை முகட்டைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஒளிவிளிம்பு ஓடும். மேகமே இல்லாத நீல வானம் முகட்டுக்கு அருகே வெளுத்தும் தள்ளிக் கருத்தும் நிற்கும். தென்னை ஓலை ஒவ்வொன்றும் கம்பியில் செய்ததுபோல் விறைத்துக்கொள்ளும். 2000-களின் பிற்பகுதியில் இணையத்தை நிறைத்த எச்.டி.ஆர். படங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. நம் ஊர்ப் படங்களில் இன்றும் அந்த ருசி போகவில்லை. சாரல் காலத்தில் முகட்டைத் தாண்டி வழியும் மெல்லிய மேகத்தைப் புயல் மேகமாக்கிவிடுகிறார்கள். ஆடி மாதத்தில் அடிவாரத்துக்கு வந்து நின்றவர்களுக்குத் தெரியும், அந்த மேகத்துக்கு மிரட்டும் குணமே கிடையாது.

மாலை மலையின் ஆழமும் இந்த நெருக்கலில் போய்விடுகிறது. ராயகிரியிலிருந்து பார்க்கும்போது அண்மைக் குன்று கருநீலம், அதற்குப் பின்னால் உள்ளது சற்று வெளிறிய நீலம், கடைசி முகடு கிட்டத்தட்ட வானத்தோடு சேர்ந்த நிறம். இந்தப் படிநிலைதான் தூரத்தைச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவு வெளிச்சத்துக்குத் தூக்கினால் மூன்று மலையும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய அட்டையாகிவிடும். தகவல் கூடியிருக்கும், தூரம் குறைந்திருக்கும். இதை நான் இழப்பாகவே கணக்கிடுகிறேன்.

காற்று இன்னொரு தடை. ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்றில் இந்தப் பக்கத்துத் தென்னை ஒரு நொடிகூட நிற்பதில்லை. மூன்று படத்திலும் ஓலை மூன்று இடத்தில் இருக்கும். சேர்க்கும்போது ஒரே மரத்துக்கு நிழல் உருவங்கள் முளைக்கும். கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளின் இறக்கை, சாலையில் போகும் டிராக்டர், மேய்ச்சலுக்குப் போகும் ஆடு எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். மென்பொருள்களில் இதை நீக்கும் வசதி உண்டு. அது அசைந்த பகுதியை ஒரே படத்திலிருந்து எடுத்து ஒட்டும். அப்படியென்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் எச்.டி.ஆர். நன்மை கிடையாது. காற்றடிக்கும் ஊர்க்காரர்கள் இந்த வரம்பை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சங்கரன்கோவிலில் ஆடித் தபசு நாளில் கோமதியம்மனைக் காணக் கூடும் சனத்திரளை மூன்று அளவில் எடுத்துச் சேர்க்கலாம் என்று ட்ரைபாடோடு யாரும் போகவேண்டாம்.

இதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. நிழல் குறைபாடு என்ற எண்ணத்தை இந்த முறை பழக்கப்படுத்துகிறது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கழுகுமலைக்குப் போய்ப் பாருங்கள். மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்கப்படாமலே நின்றுவிட்ட எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கோயில் வெட்டுவான் கோயில். அதன் உருவங்களின் கன்னமும் இடுப்பு வளைவும் ஆடை மடிப்பும் நமக்குத் தெரிவது உளி விட்டுச்சென்ற பள்ளங்களில் நிழல் தங்குவதால். அதே மலையில் வரிசையாக அமர்ந்திருக்கும் சமணத் திருவுருவங்களுக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்தும் பாறையும் ஒரே நிறம். எழுத்தைப் பாறையிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்த நூலளவு நிழல் ஒன்றே. நிழலைத் தூக்கினால் எழுத்து மறையும்.

கல்வெட்டுப் படிப்பவர்கள் இதை நெடுநாளாக அறிவார்கள். நேர் வெயிலில் அவர்கள் படம் எடுப்பதில்லை. பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை, மாலை ஒளிக்குக் காத்திருப்பார்கள், அல்லது விளக்கைப் பக்கத்திலிருந்து பிடிப்பார்கள். 2001-இல் எச்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் மால்ஸ்பெண்டர் உருவாக்கிய முறையும் இதே அறிவின் நீட்சிதான். கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் வெவ்வேறு திசையில் நகர்த்திப் பல படங்கள் எடுத்து, பின்னர் கணினியில் விரும்பிய திசையிலிருந்து ஒளி விழுவதுபோல் பார்ப்பது. அதிலும் பல படங்கள் சேர்கின்றன. ஆனால் அது நிழலைப் பெருக்குகிறது, எச்.டி.ஆர். நிழலைக் குறைக்கிறது. தொல்லியல் ஆர்வத்தோடு ஊர் ஊராகச் சுற்றும் இளைஞர்கள் நடுகல்லையும் கல்வெட்டையும் கைபேசியில் எச்.டி.ஆர். போட்டு எடுத்துவருகிறார்கள். படம் பளிச்சென்று இருக்கிறது, எழுத்து படிக்க வரவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் எடுத்துச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோயில் படங்களில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. சிற்ப ஆய்வாளர்கள் இன்றும் அவற்றைத் தேடிப் போகிறார்கள். அவற்றில் நிழல் தன் இடத்தில் இருக்கிறது.

முகங்களின் கதை இன்னும் கவலைக்குரியது. கைபேசிகளில் 2010-இல் எச்.டி.ஆர். வசதி பரவலாக அறிமுகமானபோது அது ஒரு தேர்வாகத்தான் இருந்தது. வேண்டுமென்றால் போடலாம். 2013-க்குப் பிறகு கூகுளின் முறை போன்றவை, வேகமாக எடுத்த பல குறை ஒளிப் படங்களைச் சேர்த்து இரைச்சலையும் நீக்கி ஒரே படமாக்கின. காற்று, கை நடுக்கம் இரண்டையும் சமாளித்த அருமையான பொறியியல் அது, மறுக்க முடியாது. இன்று பெரும்பாலான கைபேசிகளில் இது தானாகவே நடக்கிறது. எடுப்பவருக்குத் தெரிவதுகூட இல்லை. அதோடு முகத்தைத் தனியே கண்டுபிடித்து, அதை வெளிச்சமாக்கும் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. விளைவாக, நாற்று நடவில் குனிந்து நிற்கும் பெண்ணின் கறுத்த முகம், வெயிலில் வேலைசெய்த நெற்றியின் மினுமினுப்பு, புருவத்துக்குக் கீழ் தங்கும் நிழல் எல்லாம் வெளிறிப்போய், தோல் சாம்பல் பூத்ததாகிவிடுகிறது. அவர் அந்த நிறத்தில் இல்லை.

படக்கருவிகள் கறுப்பை மதிக்காமல் உருவான வரலாறு பழையது. பிலிம் காலத்தில் நிறத்தைச் சரிபார்க்க அச்சுக்கூடங்கள் பயன்படுத்திய ஷெர்லி கார்டில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் முகம். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் எதிர்மறையில் பென்சிலால் டச்சிங் செய்து முகத்தை வெளுக்க வைத்தார்கள். பென்சில் கரி ஒளியை மறைக்கும் இடத்தில் அச்சு வெளிறும் என்ற நுட்பம் அது. அந்த டச்சிங் செய்தவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைத் தெரியும், எவ்வளவு செய்யலாம் என்று அவர் கேட்கவும் முடியும். இன்று கேட்காமலே செய்யப்படுகிறது. கறுத்த தோலை உள்ளபடி காட்டவேண்டும் என்பதற்காக 2021-இல் கூகுள் தன் கேமராவின் கணக்குகளைத் திருத்தியதாக அறிவித்தது நல்ல மாற்றம். சிக்கல் உண்மையில் இருந்தது என்பதற்கு அதுவே சான்றும் ஆகிறது.

செய்திப் படங்களில் இந்த முறைக்கு இடம் உண்டா என்ற சர்ச்சையும் நடந்திருக்கிறது. 2012 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் முதல் பக்கத்தில் ஒரு பாலத்தின் மாலைக் காட்சியை எச்.டி.ஆர். முறையில் வெளியிட்டது. பல படங்களைச் சேர்த்தது என்று படக்குறிப்பிலேயே சொல்லியும் அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர்களிடையே பெரிய விவாதம் எழுந்தது. என் நிலைப்பாடு இதுதான்: வீடு, கட்டடம், நிலக்காட்சி போன்றவற்றுக்குக் குறிப்போடு வெளியிடலாம். மனிதர்கள் இருக்கும் செய்திப்படத்துக்கு வேண்டாம். நம் பத்திரிகைகள் கோயில் கட்டடப் படங்களுக்கு இந்தக் குறிப்பைப் போடத் தொடங்கினால் வாசகருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.

இருளைப் பயப்படாமல் பார்க்கத் தமிழ்க் கண்ணுக்குப் பயிற்சி இல்லாமலில்லை. இருக்கும் வெளிச்சத்திலேயே படம்பிடித்தவர் பாலு மகேந்திரா. 1988-இல் வெளிவந்த ‘வீடு’ படத்தில் அறைக்குள் இருக்கும் மனிதர்கள் அறை வெளிச்சத்திலேயே இருக்கிறார்கள். 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்தில் பி.சி. ஸ்ரீராம் முகத்தில் பாதியை நிழலில் விட்டார். அதற்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் பாதி தெரியவில்லையே என்று திரையரங்கில் யாரும் குறைபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ருசி நம்மிடம் இருக்கும்போது, எல்லா மூலையிலும் வெளிச்சம் போட்ட படங்களை ஏன் சிறந்தவை என்று பகிர்ந்துகொண்டிருக்கிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

திரைகளும் மாறிவருகின்றன. எச்.டி.ஆர். என்று பெட்டியில் அச்சிட்டு வரும் தொலைக்காட்சிகளும் கைபேசித் திரைகளும் பழைய திரைகளைவிடப் பல மடங்கு ஒளியை உமிழக்கூடியவை. 2023-இல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த படவகை, சாதாரணத் திரைக்கு ஒரு வடிவமும் வெளிச்சமான திரைக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்ற கணக்கும் சேர்ந்தது. அத்தகைய திரையில் வானத்தை அமுக்கவும் நிழலைத் தூக்கவும் தேவை குறைகிறது. வானம் வானமாக ஒளிரும், நிலம் நிலமாக இருண்டிருக்கும். டோன் மேப்பிங் நெருக்கலால் வந்த பழிகளில் பாதி இதனால் நீங்கலாம். இப்போது மிகையாகப் பிசைந்து சேமித்த படத்தைப் பின்னாளில் அந்தத் திரைக்கு ஏற்றவாறு மீட்க முடியாது. ஆகவே அசல் மூன்று படங்களையும் அழிக்காமல் வைப்பது கட்டாயம். சேர்த்த படம் போனாலும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

முதன்முறை முயல்பவர்களுக்கு என் மதிப்பீட்டைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். சேர்த்த படத்தையும் நடுப்படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சேர்த்ததில் கூடுதலாகத் தெரிவது நீங்கள் அங்கே நின்றபோது கண்ட பொருளா என்று கேளுங்கள். இல்லையென்றால் நடுப்படமே போதும். முகம் இருந்தால் கைபேசியில் அந்த வசதியை அணைக்க முடிகிறதா என்று பார்த்து அணையுங்கள். கல்வெட்டுக்கும் சிற்பத்துக்கும் ஒற்றைப் படமும் சாய்ந்த வெயிலும் போதுமானவை. மாலை மலைக்கு வானத்தை ஒரு ஸ்டாப், நிலத்தை ஒரு ஸ்டாப் சரிசெய்தால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டின் உட்புறத்துக்கு மட்டும் தயங்காமல் முழு முறையையும் பயன்படுத்துங்கள். ராயகிரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து கான்கிரீட் ஏறிக்கொண்டிருக்கிறது. மாறத்தான் வேண்டும், அதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த வீட்டின் அடுப்படியும் பட்டாசாலையும் பரணும் எப்படி இருந்தன என்பதற்கு நம் வீட்டு ஆல்பங்களில் படமே இல்லை. இருப்பவை வாசலில் நின்று எடுத்த கல்யாணப் படங்கள்தாம். உங்கள் தாத்தா வீடு இன்னும் நிற்கிறது என்றால் இந்த விடுமுறையில் ட்ரைபாடோடு போங்கள். ஒவ்வொரு அறையையும் மூன்று அளவில் எடுங்கள். ஊர், தெரு, தேதி, யார் வீடு என்று எழுதி அசல் கோப்புகளோடு சேர்த்து இரண்டு இடத்தில் வையுங்கள்.